சுவருக்கு அப்பால் ஏழு பேர்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே ஐயம் உண்டு. பாதி காதுக்காரர் வாயால் கேட்டது, மீதி தையல்காரர் சொன்னது. மணி மூன்றா நான்கா என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. சுவரில் கேட்டது என்ன என்பதில் மட்டும் வேறுபாடில்லை.

காதுக்காரர் குடிநீர் வாரியத்தில் கசிவு கண்டுபிடிப்பவர். இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயில் வைத்து, மறுமுனையின் மரக்குமிழைக் காதோடு அழுத்துவார். ஆறடி ஆழத்தில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் தப்பாது. முப்பத்தொரு வருடமாக ஊர் முழுக்கக் கேட்டவர், மதில் தெருவுக்கு மட்டும் போனதில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி அடுத்தவரை அனுப்பிவிடுவார். அன்று அனுப்ப ஆள் இல்லை.

கணவாயின் வாயில் உட்கார்ந்திருக்கும் எல்லை நகரம் அது. இரண்டு நாட்டுக்கும் பூட்டும் அதுதான், சாவியும் அதுதான். ஆகவே ஏழு முறை முற்றுகை. மதிலில் ஏற முடியாதவர்கள் அடியில் தோண்டினார்கள். உள்ளே இருந்தவர்கள், மதிலை ஒட்டிய வீடுகளின் நிலவறைகளில் நீர் நிறைத்த செப்புக் கிண்ணங்களை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நீர் நடுங்கினால் யாரோ வருகிறார்கள். சுவரில் காது வைத்துக் கேட்பவன் 'அவனுங்க' என்று சொன்னால், அந்த இடத்தில் வெடிமருந்து. கடைசி முற்றுகையில் அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் காதுக்காரர். அப்போது வயது இருபத்திரண்டு.

தையல்காரர் கடைவாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க. கீழ சத்தம் கேக்குது, ஒரு சொட்டு ஈரம் கிடையாது. என் மாமியார் அழற மாதிரி."

"புகார் எழுதினது நீங்களா?"

"எனக்குக் கத்தரிக்கோல்தான் பிடிக்க வரும். எழுதினது உங்க அண்ணி."

ஜன்னலோரம் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அண்ணி தலை நிமிரவில்லை. வாரம் தவறாமல் அவள் வீட்டுக்குப் போய்க் குழாயையும் கதவையும் சரிசெய்து கொடுப்பவருக்கு, அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்தது தெரியாது.

"சொல்லவே இல்லையே அண்ணி?"

"சொல்லியிருந்தா இந்தத் தெருவுக்கு நீங்க வந்திருப்பீங்களா தம்பி?"

அவர் கம்பியை எடுத்துக்கொண்டு நிலவறைப் படியில் இறங்கினார்.

தெருவின் தண்ணீர் வால்வை முதலிலேயே அடைத்திருந்தார். குழாயில் இனி எந்தச் சத்தமும் வரக்கூடாது. நிலவறையில் நனைந்த சுண்ணாம்பின் வாடை, அதற்கடியில் கந்தகம். பகல் வெளிச்சம் நான்காம் படியோடு நின்றுவிட்டது. கைவிளக்கைத் தரையில் வைத்தார். அதே தரை. கம்பியைக் குழாயில் வைத்தார்.

ஒன்றுமில்லை.

சுவரில் வைத்தார்.

சுரண்டல். மெதுவாக, பொறுமையாக, களைத்த கைகள் முறைபோட்டுக்கொண்டு செய்வது போல. பிறகு அது நின்றது.

மூன்று தட்டு. இடைவெளி. ஒரு தட்டு.

அந்தத் தட்டலைக் காதுக்காரர் இதே சுவரில் முன்பே கேட்டிருக்கிறார்.

கடைசி முற்றுகையில் அவருடைய அண்ணன், எதிரி தோண்டுவதை மறிக்க எதிர்ச்சுரங்கம் வெட்டும் குழுவின் தலைவர். ஆறு பேரோடு மேற்குப் பக்கம் போனார். பீரங்கிக் குண்டு விழுந்து சுரங்கவாய் மூடிக்கொண்டது. ஏழு பேரும் அந்த இடத்திலேயே இறந்தார்கள் என்று ஊர் இன்றுவரை நம்புகிறது. இறக்கவில்லை. உள்ளுக்குள்ளேயே திரும்பி, மதிலை நோக்கித் தோண்டிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் இந்த அறையில் கிண்ணத்து நீர் நடுங்கியது. நம்மவர் என்று காட்டும் அடையாளத் தட்டலும் கேட்டது.

படியில் நின்ற தளபதி கேட்டார்: "நம்மாளா, அவனுங்களா?"

அதற்கு முந்தின வாரம்தான் எதிரி இதே தட்டலைத் திருடி வடக்கு நிலவறைக்குள் புகுந்து முப்பது பேரைக் கொன்றிருந்தான். ஆகவே சந்தேகப்படக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைத்தான் காதுக்காரர் முப்பத்தொரு வருடமாகத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். ஆனால் அண்ணனுக்கு ஒருமுறை மணிக்கட்டு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. அவர் தட்டினால் கடைசித் தட்டு அரை நொடி பிந்தி விழும். அன்று சுவரிலும் பிந்தித்தான் விழுந்தது. கேட்டார். தெரிந்தது. தப்பாகிவிட்டால் என்ற பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"அவனுங்க" என்றார்.

பதினோரு நாளில் நகரம் எப்படியும் விழுந்தது.

"என்ன தம்பி?" அண்ணி படியில் நின்றாள், தளபதி நின்ற இடத்தில். அவளுக்குப் பின்னால் தையல்காரர். "தண்ணியா?"

"தண்ணிதான் அண்ணி. பழைய குழாய். சிமெண்ட் கரைச்சு ஊத்திட்டா நின்னுடும்."

சுவருக்குப் பின்னால் மீண்டும் தொடங்கியிருந்த சுரண்டல் சட்டென்று அடங்கியது.

அடங்கியது என்பதைவிட, கேட்டுக்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் யாரோ காதை வைத்திருந்தார்கள்.

கைவிளக்கின் ஒளியில் தூசி இறங்கியது. காதுக்காரர் கம்பியைக் கீழே போட்டார்.

"தண்ணி இல்ல அண்ணி."

எல்லாவற்றையும் சொன்னார். தளபதியின் கேள்வியை, தன் பதிலை, வெடித்தபின் கிண்ணம் கவிழ்ந்து காலை நனைத்ததை. வடக்கு நிலவறையில் செத்த முப்பது பேரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கடைசித் தட்டு பிந்தி விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அன்னிக்கே அது காதுல பட்டுச்சா?"

"பட்டுச்சு அண்ணி."

அவள் படியிறங்கி வந்தாள். அவரைத் தாண்டிப் போனாள். விரலில் மாட்டியிருந்த தையல் உறையால் சுவரைத் தட்டினாள்.

மூன்று. ஒன்று.

முதலில் ஒரு கை பதில் சொன்னது, கடைசித் தட்டைப் பிந்தவிட்டு.

பிறகு இன்னொரு கை. இன்னொன்று.

ஏழு கைகள்.

தையல்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அம்மா... மேல வந்துடுங்கம்மா..." என்று அவர் முணுமுணுத்தது கீழே எட்டவில்லை.

அண்ணி சுவரில் நெற்றியை வைத்திருந்தாள். திரும்பாமலேயே பேசினாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்பார் காதுக்காரர்.

"நீங்க மேல போங்க. இனிமே என் வீட்டுக் குழாயைப் பார்க்க வர வேண்டாம்."

"அண்ணி..."

"அவங்க காதுல உங்க குரல் விழ வேண்டாம் தம்பி. போங்க."

அவர் போனார். வாரியப் பதிவேட்டில் 'கசிவு இல்லை' என்று எழுதினார். அதுதான் அவர் எழுதிய கடைசிப் பதிவு. மறுநாளே வேலையை விட்டார். இரண்டு வருடம் யாரோடும் அதிகம் பேசாமல் இருந்து, தூக்கத்தில் இறந்தார். அண்ணி சாவுக்கு வந்தாள். வாசலோடு நின்று திரும்பிவிட்டாள். தையல்காரர் கடையைச் சந்தைப் பக்கம் மாற்றிக்கொண்டார், இன்றும் தைக்கிறார். அந்த ஏழு பேரைத் தேடி யாரும் தோண்டவில்லை. மதிலைத் தொடக்கூடாது என்று அரசாங்கத்தின் உத்தரவு.

அண்ணி தையல்கடை இருந்த அந்த வீட்டையே வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். காலையில் எழுந்ததும் நிலவறைக்குப் போய், சுவரின் இந்தப் பக்கம் உதிர்ந்து கிடக்கும் செங்கல் தூளைக் கூட்டி அள்ளுகிறாள். முதலில் ஒரு கைப்பிடி இருந்தது. இப்போது தினமும் ஒரு கூடை.