வால்வுக்கு அடியில் ஈரம்

திங்கள், காலை 8:40. மெடியாஷ் நகரத்து எரிவாயுச் சோதனைக் கூடத்தில் புது வால்வைக் காணோம். அது இருந்த இடத்தில் குழாய் பொக்கை வாயோடு இளித்தது.

ஒன்பது மணிக்கு எரிசக்தி நிறுவனத்து அதிகாரி செவெரினா, வால்வு ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து, முதலீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதாக ஏற்பாடு. பணம் வராவிட்டால் கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான். பதினோரு பேர் பிழைப்பு.

9:10. இன்ஸ்பெக்டர் ஸ்மராண்டா வந்தாள். எரிவாயுக் குழாய் வேலை பார்த்தவர் மகள், கண்ணில் எதுவும் தப்பாது, பொறுமைதான் கடுகளவு.

"கடைசியா எப்போ ஓட்டினீங்க?"

"வெள்ளிக்கிழமை மேடம்," என்றார் முதலாளி ஹொராசியு. முகத்தில் ஈயாடவில்லை.

"சாவி?"

"என்கிட்ட ஒண்ணு, டீட்டு அண்ணன்கிட்ட ஒண்ணு. நான் எட்டரை வரைக்கும் ஹோட்டல்ல இந்தம்மாகூட இருந்தேன்."

செவெரினா ஆமாமென்று தலையாட்டினாள்.

முப்பது வருட மெக்கானிக் டீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுப் பை. சட்டைக் கையில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது.

"நான் எட்டரைக்குத்தான் வந்தேன்மா. எதையும் தொடலை."

ஸ்மராண்டா குனிந்தாள். குழாய்க்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். ஜூலை மாதம், மூன்று வாரமாக மழையில்லை.

"தரை துடைச்சிருப்பாங்க," என்றார் ஹொராசியு.

"இந்த ஒரு இடத்தை மட்டுமா?" அவள் திரும்பினாள். "பையில என்னண்ணே?"

"ரொட்டி, பன்றிக் கொழுப்பு, வெங்காயம்."

"வெங்காயம் இவ்வளவு கனக்குமா? பை உங்க தொடையை அமுக்குதே."

டீட்டு பையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

9:25. "எடுத்தது நீங்கதான். அழுத்தமா வர்ற கேஸ் வால்வைத் தாண்டி விரிஞ்சா, வெயில் காலத்துலயும் அதுமேல பனி பிடிக்கும். அது உருகின ஈரம்தான் இது. வெள்ளிக்கிழமை ஈரம் இன்னிக்கு வரைக்கும் நிக்காது. காலையில யாரோ ஓட்டியிருக்காங்க. உங்க சட்டைக் கையில காஞ்சிருக்கறது சோப்பு. கசிவு பார்த்தீங்க, இல்லையா?"

டீட்டு தலை குனிந்தார். "வெள்ளிக்கிழமையே ஹொராசியுகிட்ட உஸ்ஸுன்னு சத்தம் வருதுன்னேன். உங்க காதுக்கு வயசாச்சுன்னு சிரிச்சான். இன்னிக்கு அஞ்சரைக்கு வந்து வால்வை ஓட்டி, சோப்புத் தண்ணி தடவினேன். குமிழ் குமிழா வந்துச்சு. மறுபடி சொன்னா கேப்பானா? இந்தம்மா பக்கத்துல நிக்கப் போறாங்க, ஒரு பொறி போதும். கழட்டிட்டேன்."

ஹொராசியு ஓடி வந்தார். "அண்ணே, எல்லாரையும் கொன்னிருப்பேனே!" என்று அவரைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

"திருட்டுப் புகார்?" என்றாள் ஸ்மராண்டா.

"கிழிச்சுப் போடுங்க மேடம்."

செவெரினா டீட்டுவின் அருகில் வந்தாள். "சரி பண்ண எத்தனை நாள்?"

"ஒரு மாசம்," என்றார் டீட்டு.

"காத்திருக்கோம், பணமும் போடுறோம். ஆனா இவர் கையெழுத்து இல்லாம எதையும் ஓட்டக் கூடாது. ஒப்பந்தத்துல எழுதுங்க."

10:00. டீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பையிலிருந்து வால்வை எடுத்து வைத்தார். அதனடியில் நசுங்கிக் கிடந்த ரொட்டியை நாலாக வெட்டினார்.

"நான் சாப்பிடலாமாண்ணே, இதுக்கும் உங்க கையெழுத்து வேணுமா?" என்றார் ஹொராசியு, மூக்கைத் துடைத்தபடி.

செவெரினா தன் துண்டை இரு கையாலும் வாங்கிக்கொண்டாள். "ரொம்ப நன்றிண்ணே," என்றாள். "சாயங்காலம் என் பிள்ளைங்களைப் பார்ப்பேன்."