மீனாம்பிகையின் இடது காது

கோப்பாயில் மீனாம்பிகையின் வீட்டில் அன்று காலை பிட்டு அவிந்து இறங்கும் முன்பே மனஸ்தாபம் தொடங்கிவிட்டது.

"அம்மா, வாற மாசம் கலியாணத்திலை மாப்பிள்ளைக்கு ஆராத்தி எடுக்கச் சிவக்கொழுந்து மாமியே நிக்கட்டும். நீங்கள் உள்ளுக்கை இருங்கோ..." என்றாள் பாலேஸ்வரி. தாயின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

மீனாம்பிகையின் கை தானாகவே இடது காதுக்குப் போனது. தோடு போடும் சோணை இரண்டாகக் கிழிந்து தொங்கும் காது. மூளிக்காது மங்கல காரியத்துக்கு ஆகாது என்பது ஊர்ப்பேச்சு. எத்தனையோ வருடமாக எந்தக் கலியாண வீட்டிலும் அவள் முன்னுக்கு நின்றதில்லை. சேலைத் தலைப்பைக் காதுவரை இழுத்துவிட்டு அடுப்படியோடு ஒதுங்கிவிடுவாள். ஆனால் இது சொந்த மகளின் கலியாணமல்லவா! பெற்றவள் முன்னே நின்று மாப்பிள்ளையை வரவேற்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லையா?

"ஏன் பிள்ளை, என்னாலை உனக்கு வெக்கமோ?"

"மாப்பிள்ளை வீட்டார் மலாயாவிலை இருந்த ஆக்கள்... நாலுபேர் கதைப்பினம். பாரமான தோடுதான் வேணுமெண்டு நீங்கள்தானே ஆசைப்பட்டுக் காதைக் கிழிச்சனீங்கள்!"

தேங்காய் துருவிக்கொண்டிருந்த சிவக்கொழுந்து வெடுக்கென்று நிமிர்ந்தாள். அவள் மீனாம்பிகையின் கணவனுக்குத் தமக்கை. மனதில் எதையும் வைத்திருக்கத் தெரியாதவள். மீனாம்பிகை கண்ணாலேயே அவளை அடக்கினாள்.

"அப்ப நான் ஆசுப்பத்திரிக்குப் போய்க் காதைத் தைச்சுக்கொண்டு வாறன். மூளியும் போகும், உன்ரை வெக்கமும் போகும்."

மூவரும் மாட்டு வண்டியில் போனார்கள். வழி முழுக்க மகள் உம்மென்றிருந்தாள்.

மிஷன் ஆசுப்பத்திரியில் டொக்குத்தர் அம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தோற்றத்தில் குறையென்று வருகிறவர்களின் மேல் கத்தி படும் முன் அவர்களின் கவலையை அளந்து பார்ப்பாள். அவள் சொற்படி நேர்ஸ் மார்கிரட் கோடு போட்ட மருந்துக் கிளாஸ் ஒன்றையும் ஒரு செம்புத் தண்ணீரையும் மேசையில் வைத்தாள்.

"அம்மா, இந்தக் காதாலை உங்களுக்கு எவ்வளவு கவலையோ, அவ்வளவு தண்ணியை ஊத்துங்கோ. கூச்சப்படாதேங்கோ."

"கவலையை அளக்கிறதோ? நல்ல பகிடி!" என்றபடி மீனாம்பிகை ஊற்றத் தொடங்கினாள். முதல் கோடு தாண்டியது, அடுத்ததும் தாண்டியது... விளிம்பைத் தொட்டும் கை நிற்கவில்லை. தண்ணீர் மேசையில் வழிந்து மகளின் சேலையை நனைத்தது.

"ஆர் பாத்திடுவினம் எண்டு கூடுதலாப் பயம், அம்மா?" மார்கிரட் மெல்லக் கேட்டாள்.

மீனாம்பிகை குனிந்த தலையோடு மகளை ஒருமுறை பார்த்தாள்.

சிவக்கொழுந்துக்குப் பொறுக்கவில்லை.

"போதும் மச்சாள்! உனக்குச் செய்து தந்த சத்தியத்தை இண்டைக்கு மீறப் போறன். எடி பாலேஸ்வரி, தோட்டின்ரை பாரமோ காதைக் கிழிச்சது? நடை பழகிற வயசிலை நீ கிணத்துக்கட்டிலை ஏறி உள்ளுக்கை வழுக்கினாய். கொம்மா எட்டி ரண்டு கையாலையும் பிடிச்சா. நீ பயத்திலை அவவின்ரை தோட்டைப் பிடிச்சுத் தொங்கினாய். ஒரு கையை எடுத்து உன்ரை பிடியை விடுவிச்சிருந்தால் காது தப்பியிருக்கும்... நீ தப்பியிருக்க மாட்டாய்! 'தாயின்ரை காதறுத்த பெட்டை' எண்டு உனக்குப் பேர் வந்திடக் கூடாதெண்டு பழியைத் தன்ரை தலையிலை போட்டவ!"

"அம்மா...!" பாலேஸ்வரி தாயின் மடியில் விழுந்தாள். அந்தக் கிழிந்த காதைத் தடவித் தடவி அழுதாள். "நான் பாவியம்மா... தைக்க வேண்டாம்! இந்தக் காதோடையே நீங்கள் ஆராத்தி எடுங்கோ. ஆர் என்ன சொல்லினம் எண்டு நான் பாக்கிறன்!"

மீனாம்பிகைக்கும் கண் நிறைந்தது. பெற்ற வயிறு குளிர்ந்துபோயிற்று. மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"விசர்ப் பெட்டை! ஆராத்தியும் எடுப்பன், காதும் தைப்பன். எனக்கும் சோடியாத் தோடு போட ஆசையில்லையோ?"

மார்கிரட் கிளாஸை வெறுமையாக்கி மறுபடி நீட்டினாள். மீனாம்பிகை கொஞ்சம் யோசித்துவிட்டு, முதல் கோட்டுக்கும் கீழே நிற்கும்படி சிறிது ஊற்றினாள்.

"இன்னும் இவ்வளவு கவலை இருக்கோ, அம்மா?"

"இது காதுக்கில்லை, பிள்ளை... உம்மடை ஊசிக்கு!"