தாய்மாமனுக்கு நாற்காலி இல்லை

பிற்பகல் இரண்டு மணி ஆனால் ஆவுடையப்பனின் கட்டைவிரல் வேலையைத் தொடங்கியாக வேண்டும். பாளையங்கோட்டையில் அவர் மேலாளராக இருந்த கல்யாண மண்டபத்தில் மொத்தம் 4,116 பொருள்கள். நாற்காலி, பந்தி மேசை, குழாய், அடுப்பு, அண்டா, கரண்டி, மைக், அறைக்கதவு, குத்துவிளக்கு என்று எதையும் விடாமல், ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அனுமதிப்பொட்டு ஒட்டியிருந்தது. காலையில் கல்யாணம் முடித்த வீட்டாரின் பெயரை அதிலிருந்து நீக்கி, மாலையில் வரப்போகும் வீட்டாரின் பெயரைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் அவர் கையிலிருக்கும் ஏட்டுப்பலகை ஒரே கேள்வியைக் கேட்கும்.

‘நிச்சயமாகவா?’

ஒரு சாம்பார் கரண்டியின் அனுமதியை மாற்றுவதில் ஒரு மனுஷனுக்கு என்ன சந்தேகம் இருந்துவிட முடியும்? ஆனாலும் கேட்கும். ‘ஆம்’ என்று அமுக்கினால்தான் அடுத்த கரண்டிக்குப் போகும். நாலு மணிக்கு அடுத்த வீட்டார் வேன்களில் வந்து இறங்கும்போது ஆவுடையப்பனின் கையே வீங்கி, மோதிரம் கழலாத நிலையில் இருக்கும்.

இதெல்லாம் திருட்டை ஒழிக்க வந்த ஏற்பாடு. மண்டபங்களில் கரண்டியும் சொம்பும் காணாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில் அனுமதியேடு என்ற பெயரில் அதைச் சட்டமாக்கினார்கள். பொருளுக்குத் தன்னை யார் தொடலாம் என்று தெரியும். ஏட்டில் பெயர் இல்லாதவர் உட்காரப் போனால் நாற்காலி மடங்கிக்கொள்ளும்; கை நீட்டினால் குழாய் சொட்டுக்கூட விடாது. ஆயிரம் விருந்தாளிகளின் பெயரையும் எழுத முடியாது என்பதால், ஒரு வரியில் வீட்டுத் தலைவர் பெயரைப் போட்டால் போதும். அவருடைய கிளை, அதாவது ரத்த உறவும் சம்பந்த உறவும் மூன்று சுற்று வரை, தானாகச் சேர்ந்துகொள்ளும். அவர் அழைத்த நண்பர்களும் அமர்த்திய சமையல்காரர்களும் அதே வரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். திருட்டு நின்றது உண்மைதான். கூடவே ஆவுடையப்பனின் மதியத் தூக்கமும் நின்றுபோயிற்று.

கடைசியில் அவர் வண்ணாரப்பேட்டையில் ஏடு பழுது பார்க்கும் கடை வைத்திருந்த ஜெசிந்தாவிடம் போனார். நாற்பது வயது, அதிகம் பேசாதவள். அவரது விரலைப் பார்த்தாள். இரண்டே நாளில் ஒரு தானியங்கிக் கட்டளைத்தொடர் எழுதிக் கொடுத்துவிட்டாள். அது முதலில் எல்லாப் பொருள்களையும் ஆவுடையப்பனின் பெயருக்கு மாற்றும். பழைய வரிகளை அழிக்கும். புது வரிகளை எழுதும். கடைசியில் அந்த வரிகளை எழுதச் சொன்ன வீட்டாருக்கே உரிமையாக்கிவிட்டு விலகிக்கொள்ளும். இந்தக் கடைசி வேலை ஆவுடையப்பனின் யோசனை. நாளைக்கு ஏதாவது வம்பு வந்தால் வரி அவர்களுடையது, தன் தலை உருளாது என்று கணக்குப் போட்டார். நாலாயிரத்துச் சொச்சம் ‘ஆம்’களையும் கட்டளைத்தொடரே நாற்பது விநாடியில் அமுக்கியது.

இரண்டு மாதம் ஆவுடையப்பன் ராஜாவாக இருந்தார். மோதிரம்கூடக் கழன்றது.

மூன்றாவது மாதம் தயாளன் வந்தார். மகள் ஆதிரைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஓசூர். எல்லா விவரமும் சொல்லி முடித்த பிறகு, அலுவலக அறைக் கதவைச் சாத்திவிட்டு, தன் மனைவியின் தம்பி இசக்கிராஜாவைப் பற்றிச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்பு தயாளன் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். நேரில் வந்து அழைக்கவில்லை என்று இசக்கிராஜா வரவில்லை. வரவில்லை என்று தயாளன் பேசவில்லை. அவ்வளவுதான் சண்டை. இப்போது ஆதிரையே தூத்துக்குடிக்குப் போய், மாமா கையைப் பிடித்துத்தான் மணமேடை ஏறுவேன் என்று சொல்லி அழைத்துவிட்டு வந்துவிட்டாள்.

“வரட்டும், வேண்டாம்னு சொல்லல,” என்றார் தயாளன். “ஆனா அவன் வந்து உக்காந்தா நாற்காலி விரியக் கூடாது. எல்லாரும் பாக்கணும். செய்ய முடியுமா முடியாதா, அண்ணாச்சி?”

ஆவுடையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியை வைத்தா ஒரு மனுஷன் பழி தீர்ப்பான்? ஆனாலும் ஜெசிந்தாவைப் போனில் கூப்பிட்டு, அனுமதி வரிகளோடு ஒரு மறுப்பு வரியும் சேர்க்கலாமா என்று மட்டும் கேட்டார்.

“சேக்கலாம். ஆனா மறுப்புன்னா வேற, அண்ணாச்சி. எத்தனை வரியில சரின்னு இருந்தாலும், ஒரு வரியில வேண்டாம்னு இருந்தா வேண்டாம்தான். ஏட்டோட குணம் அது. நான் வேணா வந்து பாக்கட்டுமா?”

எதற்கு, ஒரு பெயர்தானே என்று ஆவுடையப்பன் போனை வைத்துவிட்டார். கட்டளைத்தொடரில் பெயர் எழுதும் இடத்தில் இசக்கிராஜா என்று எழுதினார். ‘அனுமதி’ என்று இருந்த இடத்தில் ‘மறுப்பு’ என்று மாற்றினார். தயாளன் கைரேகை வைத்தார். பெயருக்குப் பக்கத்தில் ‘கிளையோடு’ என்று ஒரு சொல் எப்போதும்போல இருந்தது. இரண்டு மாதமாகத் தினம் பார்க்கும் சொல் என்பதால் அது அவர் கண்ணில் படவே இல்லை.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. ஒன்பது மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. நாகஸ்வரக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள், அடுக்களையில் சாம்பார் கொதித்தது, ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. இசக்கிராஜா வரமாட்டான் என்று தயாளன் முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது நாற்பதுக்கு இசக்கிராஜா வந்தார். சீர்த்தட்டைத் தானே சுமந்துகொண்டு, புதுவேட்டி சரசரக்க, வாசலில் பன்னீர்ச் சொம்பு வைத்திருந்த மேசையருகே நின்று வருகிறவர்களை அடையாளம் பார்க்கும் வாசற்கண்ணில் முகம் காட்டினார். ஆள் முகம் காட்டிய பிறகுதான் ஏடு அவருடைய கிளையைக் கணக்கெடுக்கும். எடுத்தது. அவர், அவருடைய அக்கா, அக்காவின் கணவர் தயாளன். தயாளனின் வரியே அதோடு செத்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் எல்லோருடைய அனுமதியும் சேர்ந்து செத்தது.

மண்டபத்தின் இடது பக்கம் அறுநூறு நாற்காலிகள் ஒரே நேரத்தில் மெல்ல முதுகைத் தூக்கி, உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டு மடங்கிக்கொண்டன. அடுப்புகள் அணைந்தன. மைக் ஊமையானது. கை கழுவப் போன ஒருவர் சோப்பு நுரையோடு திரும்பி வந்தார். வலது பக்கம், தனி வரியில் வந்திருந்த ஓசூர்க்காரர்கள் மட்டும் உட்கார்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆவுடையப்பன் ஏட்டுப்பலகையோடு ஓடினார். மறுப்பு வரியை அழிக்கப் பார்த்தார். ‘இந்த வரி தயாளனுக்கு உரியது’ என்றது பலகை. தயாளனை இழுத்து வந்து விரலை வைக்கச் சொன்னார். ‘மறுக்கப்பட்டவரின் கைரேகை செல்லாது’ என்றது. வரியை அவர் பேருக்கு மாற்றிய தன் புத்திசாலித்தனத்தை ஆவுடையப்பன் அங்கேயே நின்று திட்டிக்கொண்டார். அனுமதியேட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தார். மூன்று வேலை நாள் ஆகும் என்றார்கள்.

ஜெசிந்தா ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோது பத்து மணி. பலகையைப் பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது. ‘கிளையோடு’ என்ற சொல்லை ஆவுடையப்பனிடம் காட்டினாள்.

நின்றபடியே தாலி கட்டிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். தாலி ஏறியதும் ஓசூர்க்காரர்களும் அந்தக் கிளையில் சேர்ந்துவிடுவார்கள், அவர்கள் நாற்காலியும் மடங்கும் என்றாள் ஜெசிந்தா. இதைக் கேட்ட மாப்பிள்ளையின் அப்பா, தன் ஆட்களை எழுப்பி நிற்க வைக்கிற கல்யாணம் தனக்கு வேண்டாம், முதலில் இதைச் சரி செய்யுங்கள், பிறகு தாலி என்று சொல்லிவிட்டார்.

“நான் போயிருதேன்,” என்றார் இசக்கிராஜா. தட்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அதை இறக்கி வைக்க அவருக்கு மேசை இடம் கொடுக்கவில்லை.

“போனாலும் மாறாது, அண்ணாச்சி,” என்றாள் ஜெசிந்தா. “கணக்கெடுத்தது ரெண்டு மணி வரைக்கும் நிக்கும்.” பிறகு தயங்கித் தயங்கி, ஒரே ஒரு வழி இருப்பதாகச் சொன்னாள். கிளை விலகல். யார் வேண்டுமானாலும், மறுக்கப்பட்டவர்கூட, எந்த ஏட்டுப்பலகையிலும், தனக்கும் தன் உறவுக்கும் சம்பந்தமில்லை என்று விரல் வைக்கலாம். இசக்கிராஜா அக்காவை விட்டு விலகினால் தயாளன் தப்பிப்பார், எல்லாம் திறக்கும். மறுபடி சேர வேண்டுமென்றால் இரண்டு பேர் கைரேகையும் தொண்ணூறு நாளும் தேவைப்படும். விலகுவதற்கு ஒருவர் போதும், ஒரு நிமிஷம் போதும்.

அதை யார் போய்க் கேட்பது? மணி பத்து எட்டு. மணமேடைக்குப் பக்கத்து அறை வாசலில் ஆதிரை மாலையோடு நின்றாள். அவளுடைய அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைசியில் தயாளனே நடந்து போனார். ஆறு வருஷத்துக்குப் பிறகு மச்சினன் முன்னால் நின்று, தரையைப் பார்த்தபடி, “இசக்கி, புள்ளைக்காக,” என்றார்.

இசக்கிராஜா சீர்த்தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். “நீங்க நமக்குள்ள ஒண்ணுமில்லன்னு சொன்னப்பல்லாம் கோவத்துல சொல்லுதியன்னு நெனச்சேன், அத்தான். இப்ப அதை நானே சொல்லணுமாக்கும்.”

தட்டை ஜெசிந்தாவிடம் கொடுத்தார். பலகையில் விரலை வைத்தார்.

‘நிச்சயமாகவா?’ என்றது பலகை.

ஆவுடையப்பனுக்கு அந்தப் பலகையைத் தரையில் போட்டு உடைக்க வேண்டும்போல இருந்தது. இரண்டு மாதமாக அந்தக் கேள்வியே காதில் விழாமல் இருந்தவர், இப்போது முதல்முறை கேட்பதுபோலக் கேட்டார். இசக்கிராஜா ‘ஆம்’ என்று அமுக்கினார்.

அறுநூறு நாற்காலிகளும் விரிந்தன. அடுப்பு பற்றிக்கொண்டது, மைக் கொரகொரத்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்கள். அந்த மண்டபத்தில் இப்போது ஒரே ஒரு ஆளுக்குத்தான் நாற்காலி இல்லை. தயாளன் கேட்டது அப்படியே, ஒரு குறையில்லாமல், எல்லோரும் பார்க்க நடந்துவிட்டது.

தாய்மாமன் வந்து பெண்ணை அழைத்து வரலாம் என்று ஐயர் மைக்கில் சொன்னார். இசக்கிராஜா மணமேடைப் படி வரை நடந்தார். படியில் குறுக்கே இருந்த அனுமதித் தடி அவருக்கு மட்டும் உயரவில்லை. அவர் அதைத் தள்ளிப் பார்க்கவில்லை. திரும்பி நடந்து பன்னீர்ச் சொம்பு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மறுப்பு வரியை எடுக்கத் தயாளனின் விரல் இப்போது செல்லும் என்பது ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. பலகையோடு முன்வரிசைக்கு ஓடினார்.

அதற்குள் ஆதிரை அறையிலிருந்து வந்துவிட்டாள். மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. நடுவழியில் நேராக வாசலுக்கு நடந்தாள்.

“மாமா, கையைப் பிடிங்க,” என்றாள். “இங்கயே கட்டட்டும். தரையில எந்தப் பொட்டும் இல்ல.”

மாப்பிள்ளை ஒரு விநாடி தன் அப்பாவைப் பார்த்தான். பிறகு ஐயரிடமிருந்து தாலித்தட்டை வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினான். நாகஸ்வரக்காரர்கள் பின்னால் ஓடினார்கள். பத்து இருபத்திரண்டுக்கு, வாசலில் கற்கண்டுத் தட்டு வைத்த இடத்தில் கெட்டிமேளம் கொட்டியது. உட்கார்ந்த இடத்திலிருந்து யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பெண் வீட்டார் எழுந்தார்கள், ஓசூர்க்காரர்கள் எழுந்தார்கள், மாப்பிள்ளையின் அப்பாவே எழுந்து பின்னால் போனார். இரண்டு பக்கமும் ஆயிரத்து இருநூறு நாற்காலிகள் விரிந்தபடி காலியாகக் கிடந்தன.

தயாளன் மட்டும் முன்வரிசையில் இருந்தார். ஆவுடையப்பன் நீட்டிய பலகையில் விரல் வைத்து வரியை அழித்தார். எழுந்து போகச் சொல்லி ஆவுடையப்பன் ஜாடை காட்டினார். தயாளன் உட்கார்ந்தே இருந்தார். அட்சதை அவர் கைக்குள்ளேயே இருந்தது.

இரண்டு மணிக்கு மண்டபம் காலியானது. அடுத்த வீட்டார் நாலு மணிக்கு வருகிறார்கள். ஆவுடையப்பன் பலகையை எடுத்தபோது அன்றைய அறிக்கை வந்திருந்தது. ‘முகூர்த்த நேரத்தில் விரிந்திருந்த நாற்காலிகள் 1,200. அமர்ந்திருந்தவர் 1. ஏற்பாடு குறையின்றி நிறைவேறியது. இதே கட்டளைத்தொடரை இன்றும் இயக்கலாமா?’

தயாளன் கிளம்புவதற்காகச் செருப்பைத் தேடிக்கொண்டு அங்கே வந்து, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை, தினமும் வருவதுதான் என்று சொல்லி ஆவுடையப்பன் பலகையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அவர் போன பிறகு பலகையை நிமிர்த்தி, அந்த வேலைக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக ‘இல்லை’ என்று அமுக்கினார்.

‘நிச்சயமாகவா?’ என்றது பலகை.

ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஆம்’ என்று அமுக்கினார். பிறகு மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முதல் நாற்காலியிலிருந்து ஒவ்வொன்றாக ஆரம்பித்தார்.