மந்திரக்காரியின் சமையலறைக் கடிகாரம்

காலை 10.05. படம் வெளிவர இன்னும் பன்னிரண்டு நாள். அதற்குள் யாரோ அதன் ரகசியங்களை இணையத்தில் போட்டு உடைத்துவிட்டார்கள்.

‘உங்கள் கண்ணுக்குத் தப்பப்போகும் பத்து விஷயங்கள்’ என்று ஒரு பட்டியல். ஒன்பதாவது: ‘மந்திரக்காரியின் சமையலறைக் கடிகாரத்தில் மணி ஏழு ஐம்பது. அலமாரிக்கு அடியில் ஒரு சிறுமியின் சிவப்புச் செருப்பு ஒற்றையாகக் கிடக்கும்.’

இந்தக் கார்ட்டூன் படத்தின் ஒவ்வொரு காட்சியையும் சரிபார்ப்பவள் அவள். ஸ்டுடியோவில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவது ‘பூதக்கண்ணாடி’ என்று. ஓவியரின் மேசைக்கு ஓடி, அவர் தீட்டிய மூல அட்டையைப் பார்த்தாள். அலமாரிக்கு அடியில் நகக்கண் அளவு சிவப்பு. முடிந்த படத்தில் அந்த இடத்தை நீராவி மூடியிருந்தது.

“அப்போ இது யாருக்குத் தெரியும்?” என்றார் இயக்குநர்.

“வரைஞ்சவருக்குத்தான் சார்” என்று சொல்லிவிட்டாள். அந்த அவசரத்துக்கு அவள் பின்னால் எவ்வளவு வருந்தினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

10.40. ஓவியரை வீட்டுக்கு அனுப்பினார்கள். படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல் மாலை ஐந்துக்கு முடிவாகிறது. நான்கு வருடம் உழைத்தவரின் பெயர் அதில் இருக்காது. அவர் ஏனென்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

12.15. மறுபடி அந்த அட்டையின் முன்னால் நின்றாள். காலையில் செருப்பை மட்டும்தான் பார்த்திருந்தாள். இப்போது கடிகாரத்தைப் பார்த்தாள். எண்கள் இல்லை, முட்கள் மட்டும். மணி நாலு பத்து; இணையப் பட்டியலிலோ ஏழு ஐம்பது.

நேராக எடிட்டரிடம் போனாள்.

“அந்தக் காட்சியை என்ன பண்ணீங்க?”

“மந்திரக்காரி தப்பான பக்கம் பார்த்தா. மொத்தத்தையும் இடம் வலமா திருப்பிட்டேன்.”

“ஓவியருக்குத் தெரியுமா?”

“அவருக்கு யாரு சொல்லுவா? அட்டையக் குடுத்ததோட அவர் வேலை முடிஞ்சுது. முடிஞ்ச காட்சிய அவர் பார்க்கறதே இல்ல.”

“நீராவி எப்போ போட்டாங்க?”

“திருப்பினதுக்கு மறுநாள்.”

“நடுவுல அது யார்கிட்ட போச்சு?”

“ஒரே ஒரு பிரதி, ஒலிக்காரருக்கு. பானை கொதிக்கிற சத்தம் சேர்க்க.”

“அதுல செருப்பைப் பார்த்தீங்களா?”

“எந்தச் செருப்பு? சிவப்பா ஒரு பொட்டுதான் இருந்துச்சு.”

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தச் சிவப்புப் பொட்டு ஒரு சிறுமியின் செருப்பு என்று சொல்ல, அந்தச் செருப்பையே தெரிந்திருக்க வேண்டும். ஒலிக்காரர் ஓவியருடைய மனைவியின் தம்பி.

2.30. ஒலிக்கூடம். ஒலிக்காரர் மறைக்கவில்லை.

“அது என் அக்கா மகளோட செருப்பு. நான் வாங்கிக் குடுத்தது. அவ தவறிப் போயி ஒம்பது மாசம் ஆச்சு. வீட்ல அவ பேரையே யாரும் எடுக்கறதில்ல. இங்கயாவது இருக்கான்னு நெனச்சேன். அதையும் ஆவி போட்டு மூடிட்டாங்க. மனசு கேக்கல. நாலு பேராவது தேடிப் பார்க்கட்டுமேன்னு, ஒம்பது விஷயத்தோட சேர்த்து எழுதிப் போட்டுட்டேன். மச்சான் தலையில விடியும்னு சத்தியமா தெரியாது.”

4.20. இயக்குநரிடம் சொன்னாள். “ஓவியர் எழுதியிருந்தா நாலு பத்துன்னு எழுதியிருப்பார் சார். ஏழு ஐம்பதுங்கறது திருப்பின காட்சியில தெரியற மணி. ஆவி இல்லாம அதைப் பார்த்து, செருப்பையும் அடையாளம் தெரிஞ்ச ஒரே ஆள் ஒலிக்காரர்தான்.” காரணத்தையும் சொன்னாள்.

4.50க்கு ஓவியரின் பெயர் பட்டியலில் ஏறியது. ஒலிக்காரரின் பெயர் இறங்கியது.

5.30. ஓவியரின் வீட்டு வாசலில் நின்று, மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆவி போடச் சொல்லிச் சீட்டு எழுதி அனுப்பினதே நான்தாம்மா. பொண்ணு இருக்கும்போது, அவ கேட்டான்னு விளையாட்டா வரைஞ்சது. அப்புறம் என்னால அதைப் பார்க்க முடியல.”

பிறகு கேட்டார்: “இனிமே எல்லாரும் அந்த இடத்தைத்தான் தேடுவாங்க, இல்ல?”

“தேடுவாங்க சார்” என்றாள் பூதக்கண்ணாடி.