ஒன்பது இருபதுக்கு நின்ற ஆராதனை

ஞாயிறு காலை 10.05. உத்தமபாளையம். பேத்தி ஏஞ்சல் காபியோடு அறைக்குள் போனபோது, சுந்தர்ராஜ் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தார். வாயில் நுரை. திராட்சைக்கு அடிக்கும் பூச்சிமருந்தின் நாற்றம். கட்டிலருகே கண்ணாடிக் கிண்ணத்தில் பாதிக் கஞ்சி.

11.30. கஞ்சி காய்ச்சிய வேலைக்காரி மாரீஸ்வரியைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் அனுசுயா இறக்கச் சொன்னார்.

"கஞ்சிய எதுல வச்ச?"

"எப்பவும்போல எவர்சில்வர் கிண்ணத்துல, மேடம். மூடி வச்சுட்டு ஒம்பது மணிக்குக் கெளம்பிட்டேன். சட்டியில மிஞ்சுனத நானும்தான் குடிச்சேன். செத்தா போனேன்?"

எதிர்க்கடைக் கேமராவில் அவள் 9.02க்குத் தெருவைத் தாண்டினாள். திரும்பி வரவில்லை.

ஹாலில் சுந்தர்ராஜின் மகன் எபனேசர். முந்தின நாள் முழுக்கக் கூடலூரில் இருந்துவிட்டு இரவுதான் திரும்பியவர். தோட்டத்தை விற்கச் சொல்லி அப்பாவோடு அவர் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும்.

"ஒம்பதுல இருந்து பத்து வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"இந்த நாற்காலியில. டிவியில ஆராதனை லைவ். எந்திரிக்கவே இல்ல."

"சாட்சி?"

"டிவிதான். ஒம்பது இருபதுக்குப் பிரசங்கத்து நடுவுல நின்னுபோச்சு. ரெண்டு நிமிசம் வட்டம் சுத்துச்சு. மகளுக்கும் நின்னுச்சு, கேளுங்க."

டிவிக்குக் கீழே தரையில் புதுச் சுண்ணாம்புத் தூள். அனுசுயா குனிந்து பார்த்தார். டிவியின் பின்னாலிருந்து சுவரோரமாக ஒரு நீல வயர் ரவுட்டருக்குப் போனது.

ஏஞ்சலின் அறை சமையலறையை ஒட்டியது.

"ஆமா மேடம், போன்ல அதேதான் பாத்தேன். நின்னதும் கத்துனேன். பிரெண்டுக்கு மெசேஜ் போட்டிருக்கேன், பாருங்க. ஒம்பது இருபது."

"அவ என்ன சொன்னா?"

"எனக்கு நல்லா ஓடுதுடின்னா."

12.15. காலை ஆராதனையின் பதிவை டிவியிலும் ஏஞ்சலின் போனிலும் ஓடவிட்டார்கள். அனுசுயா கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்துச் சமையலறை மைக்ரோவேவ் ஓவனைப் போட்டார்.

போனில் வட்டம் சுற்றியது. டிவியில் பிரசங்கம் தடங்கலில்லாமல் போனது. ஓவன் நின்றதும் போனும் ஓடியது.

"ஓவனும் இந்த வைஃபையும் ஒரே அலைவரிசை," என்றார் அனுசுயா. "ஒம்பது இருபதுக்கு யாரோ ஓவனப் போட்டிருக்காங்க. எவர்சில்வர அதுல வைக்க முடியாது. அதனாலதான் கஞ்சி கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாறுச்சு. மருந்தும் அப்பத்தான் சேந்துச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ண?" என்றார் எபனேசர்.

"நின்னது போன் மட்டும்தான். டிவி வயர்ல ஓடுது, அது நிக்கல. நாற்காலியில இருந்திருந்தா உங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும். நீங்க ஓவன்கிட்ட நின்னு மக கத்துனதக் கேட்டீங்க. டிவியும் வழக்கம்போல நின்னிருக்கும்னு நெனச்சுட்டீங்க."

எபனேசர் நீல வயரை அப்போதுதான் பார்த்தார்.

"இத யாரு போட்டது?"

"தாத்தாதான் நேத்து ஆளக் கூப்பிட்டுப் போட்டாக," என்றாள் ஏஞ்சல். "ஆராதனை நின்னு நின்னு ஓடுனா அப்பாவுக்குக் கோவம் வருதுன்னு."

வெளியே, ஜீப்பில் கிடந்த தன் பையை மாரீஸ்வரி எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்தாள்.

ஏஞ்சலின் விரல் அந்த மெசேஜை அழிக்கப் போனது. அனுசுயா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"இது வேணும்மா. கோர்ட்டுக்கு."