முதுகு காட்டி நிற்பவன்

"யாராவது இருக்கீங்களா... நான் இங்க ஒதுங்கிக்கட்டுமா?"

அந்தக் குரலை மார்லிஸ் இருட்டிலும் கண்டுகொண்டாள். அவள் கால்பந்து நடுவராக வரும்போதெல்லாம் வடக்குக் கேலரியிலிருந்து மெகாஃபோன் வழியாக அவள் கண்பார்வையைப் பாட்டுக் கட்டி விசாரிக்கும் குரல். இப்போது அது... நடுங்கியது.

வெளியே சைரன் ஊளையிட்டது. அமெரிக்காவின் விச்சிட்டாவில் மே மாத வானம் பச்சையாகிவிட்டால் சுழல்காற்றுதான். ஆட்டத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஜன்னலில்லாத இடம் தேடி ஓட வேண்டும். நடுவர் அறைக்கு ஜன்னலே கிடையாது. மெத்தைக் கடை முதலாளி டெல்பர்ட் ஸ்டக்கி மைதானம் கட்டி, அதற்குக் 'கோட்டை' என்று பெயர் வைத்து, நாலே வயதான கிளப்புக்கு 'தொன்மை மாறாத' என்று பலகையும் மாட்டி, தனக்கு ஒரு கண்ணாடி மாடம் வைத்துக்கொண்டார். நடுவருக்குத் துடைப்பம் வைக்கிற அறை. இன்று கோட்டைத் தலைவர் மாடத்தை விட்டிறங்கி பீர் பீப்பாய்களுக்கு நடுவே குந்தியிருப்பதாகக் கேள்வி.

கொடி பிடிக்கும் உதவி நடுவர்கள் பீட்சா இருக்கிற அறையாகப் பார்த்து ஓடிவிட்டார்கள். கரண்டும் போய்விட்டது. மார்லிஸ் தனியாக இருந்தாள்... கைக்குள் விசிலோடு.

"வாங்க. கதவச் சாத்துங்க."

வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நனைந்த கம்பளி வாசம். வேர்த்து ஊத்துகிற வெயிலிலும் இந்தக் கூட்டம் மஃப்ளர் சுற்றிக்கொள்ளும். இங்கிலாந்து ரசிகர்கள் அப்படித்தானாம்.

மேலே தகரம் கிழிகிற சத்தம். சட்டென்று அவள் கையைப் பற்றிக்கொண்டான்.

"மன்னிச்சுக்கங்க... சின்ன வயசுல எங்க வீட்டுக் கூரையக் காத்து தூக்கிட்டுப் போச்சு. அதுலேர்ந்து இப்படித்தான். என் பேரு ராய்ஸ்."

"மார்லிஸ். பரவால்ல, பிடிச்சுக்கங்க. ஸ்கூல் பஸ் ஓட்டுறேன். பயந்த புள்ளைங்க எனக்குப் பழக்கம்தான்."

"அதுங்கள என்ன பண்ணுவீங்க?"

"பாடச் சொல்லுவேன்."

"எனக்கு வர்றதெல்லாம் ரெஃப்ரியத் திட்டுற பாட்டுதான்."

"கேட்டிருக்கேன்."

"ரெஃப்ரி யாருன்னுகூட எனக்குத் தெரியாதுங்க. பெட்டி மேல ஏறி கூட்டத்தப் பாத்து நின்னு பாட வைக்கணும். ஆட்டம் முதுகுக்குப் பின்னால நடக்கும். நாலு வருஷத்துல ஒரு கோல்கூடப் பாத்ததில்ல."

"பாக்காமயேவா திட்டுறீங்க?"

"முகத்தப் பாத்தா திட்ட வராதே..."

சிரிப்பு வந்தது. கூடவே ஒரு நினைவும் வந்தது. போன மாதம் இதே மைதானத்தில், கோலுக்கு எதிரே, உள்ளூர் தடுப்பாட்டக்காரன் எதிராளியின் காலை வாரிவிட்டான். விசில் உதடு வரை போனது... இந்தக் குரல் எழுந்ததும் இறங்கிவிட்டது. யாருக்கும் தெரியாது. இன்னொரு தடவை விழுங்கினால் விசிலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள்.

அவன் விரல் அவள் உள்ளங்கையில் எதிலோ பட்டு நின்றது. அந்த நேரம் பார்த்து விளக்கு வந்தது.

சாம்பல் நிறக் கண்கள்... இமையில் இன்னும் மழை... அவை விசிலைப் பார்த்தன, அவள் மஞ்சள் சட்டையைப் பார்த்தன.

"நீங்களா?"

"கண்ணாடி வாங்கித் தர்றேன்னு போன மாசம் பாடினீங்க. இன்னும் வந்து சேரல."

அவன் காது சிவந்தது. "தெரிஞ்சேதான் என்னப் பேச விட்டீங்களா?" பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

சுழல்காற்று ஊரைத் தொடாமல் விலகியது. மழை மட்டும் மிச்சம். ஆட்டம் தொடர்ந்தது.

கடைசி நிமிடம். உள்ளூர் அணி ஒரு கோல் முன்னால். வடக்குக் கேலரிக்கு நேர் எதிரே... அதே ஆட்டக்காரன், அதே கால் வாரல்.

மார்லிஸ் விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனாள். இப்போது எழும் அந்தக் குரல்... இதோ எழும்... அந்தப் பெட்டிப் பக்கம் பார்க்கவே பயந்து, கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள்.

பெனால்ட்டி.

கேலரி முழுக்க ராய்ஸ் பாட்டை எடுத்துக் கொடுப்பதற்காகக் காத்திருந்தது. கண்ணாடி மாடத்தில் ஸ்டக்கி எழுந்து, 'ஆரம்பி' என்று கையசைத்தார். ஒரு சத்தமும் வரவில்லை. மார்லிஸ் மெல்ல நிமிர்ந்தாள்.

பெட்டியின் மேல் இருந்தது முதுகு இல்லை. முகம்.

மெகாஃபோன் உயர்ந்தது. "பெனால்ட்டிதாங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

பந்து வலைக்குள் போனது. ஆட்டம் சமன். தொன்மை மாறாத கிளப்பின் வரலாற்றிலேயே முதல் முறையாகக் கேலரி நடுவரை விட்டுவிட்டுத் தன் பாட்டுக்காரனைத் திட்டியது.

வண்டிகள் நிறுத்துமிடத்தில், கொட்டுகிற மழையில், அவள் கார் பக்கத்தில் அவன் நின்றிருந்தான். கழுத்து வெறுமையாக இருந்தது.

"பெட்டியப் பிடுங்கிட்டாங்க. மஃப்ளர ஸ்டக்கியே வந்து கழட்டிக்கிட்டாரு. நாளைக்கு அத வித்துருவாரு."

"கோபம் போச்சா?"

"கோபம் எங்க... வெட்கம்."

"நானும் ஒண்ணு சொல்லணும். போன மாசம் ஒரு பெனால்ட்டிய முழுங்கிட்டேன். உங்க குரலுக்குப் பயந்து."

அவன் தரையைப் பார்த்தான். "ஆட்டத்தப் பாக்கத் திரும்பினேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். பொய். உங்களப் பாக்கத்தான் திரும்பினேன். பெனால்ட்டி நடுவுல வந்துருச்சு..." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "சைரனவிட இதச் சொல்லத்தான் பயமா இருக்கு, மார்லிஸ். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

தூரத்தில் வானம் உறுமியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டார்கள்.

அவள் விசிலைப் பைக்குள் போட்டுவிட்டு, வெறும் கையை நீட்டினாள்.

"பிடிச்சுக்கங்க... எனக்கும் நடுங்குது."