மருந்தடிக்காத நாலாம் பாத்தி

நாலாம் பாத்தியில் ஒரு கால்தடம் மஞ்சளாய் வாடிக் கிடந்தது.

ஸ்ரீவைகுண்டம் சாலையோரத்தில் புதுக் களைக்கொல்லி ஒன்றைச் சோதிக்க கிளமென்ட் கயிறு கட்டிப் பிரித்த நாலு பாத்திகளில் முதல் மூன்றும் சொன்னபடி கேட்டுக் கருகியிருந்தன. நாலாவதில் மருந்தே அடிப்பதில்லை; ஒப்பிட்டுக் காட்ட அது பச்சையாகவே நிற்க வேண்டும். நின்றது, அந்த ஒற்றைப் பாதம் தவிர. மருந்து ஈரத்தை மிதித்த எவனோ அதே காலோடு இதில் ஏறியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே குனிந்தான்.

வலது கால். சுண்டுவிரல் இல்லை.

செல்போன் அலறியது. மேலதிகாரி ரேமண்ட்.

"லே கிளமென்ட், நாளைக்குக் காலையில பெரிய ஆளுக வாராவ. நாலாம் பாத்தி மாப்பிள்ளை கணக்கா நிக்கணும். சொதப்புன, ஒன் வேலைக்கும் இதே மருந்துதான், பாத்துக்கோ."

"எல்லாம் ஜோரா இருக்கு அண்ணாச்சி."

மணலைச் சீனி என்று விற்கிற வாய் அது. பொய் சொல்ல எச்சில்கூட விழுங்காது.

கோமுவிடமும் அப்படித்தான் சொன்னது. மருந்தடித்த அன்று ஆட்டுக்குப் புல்லறுக்க வந்தவள், முதல் பாத்தியில் வெறுங்காலோடு நின்று, "என்ன அண்ணாச்சி, புல்லெல்லாம் நனைஞ்சு கெடக்கு, மருந்து கிருந்து அடிச்சியளோ?" என்று கேட்டாள். வலது காலில் சுண்டுவிரல் இல்லாதவள். எச்சரிக்கைப் பலகை வைத்தால் ஊர் கூடும், ஊர் கூடினால் சோதனை நிற்கும் என்று அவன் பலகையே வைத்திருக்கவில்லை.

"வெறுந்தண்ணி தாயி. பயப்படாம அறு."

அவள் சிரித்தாள். புல்லுக்கட்டை இறுக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் ஒரு பிடி புல்லைப் பல்லில் கவ்விக்கொண்டாள். கிளமென்ட் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

ஐந்து நாள் வாயும் தொண்டையும் வெந்து கிடந்தாள். புருஷன் நடராஜ் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்து, "என்ன மருந்துன்னு மட்டும் சொல்லுங்க சார், டாக்டர் கேக்காவ" என்று காலைப் பிடித்தான். "மருந்தே அடிக்கலயே வே" என்றான் கிளமென்ட். மறுநாள் அவளை எரித்தார்கள்.

அந்த மருந்து நின்று கொல்லும். அது பட்ட புல் மஞ்சளாக எட்டு நாள் பிடிக்கும். அவளை எரித்து இன்றோடு எட்டு நாள்.

கயிற்றுக்கு வெளியே அடுத்த தடம் கிடந்தது. வாய்க்கால் கரையில் அதற்கடுத்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, வாழைத்தோப்புக்குள் சருகு சருகோடு உரசும் சத்தமும், சேற்றின் புளித்த வாடையும், அவன் சட்டைக் கையிலிருந்தே கிளம்பிய மருந்து நெடியும் கூடவே வர, அறுகம்புல் மேல் வரிசையாய்ப் போன அந்த மஞ்சள் பாதங்களை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தான். வழி அவனுக்குத் தெரிந்த வழி. தினமும் வேலை முடிந்து அவன் போகிற வழி.

அவன் வீட்டுக் கேட். கேட்டுக்குள் புல். புல்லில் தடம்.

படி வரைக்கும்.

எல்லாம் உள்நோக்கி. திரும்பிப் போன தடத்தைத் தேடினான். மதிலோரம். கிணற்றடி. பின்வாசல். எங்கும் பச்சை.

வாடியது இன்று. வந்தது, அவளை எரித்த அன்று.

"வந்துட்டியளா? பைய வாங்க, பிள்ளை இப்பதான் அசந்துருக்கா" என்றாள் மனைவி ஜாய்சி, அடுக்களையிலிருந்து.

"ஒரு வாரமா வீட்டுக்கு யாராவது வந்தாவளா?"

"இங்கன யாரு வாரா? ஒங்க மவதான் பொழுதன்னைக்கும் மூலையப் பாத்துக் கையாட்டிட்டுக் கெடக்கா. யாரோ மடியில போட்டுக் கொஞ்சுத மாரி அப்படி ஒரு சிரிப்பு."

அறைக்குள் போனான். விளக்கைப் போட்டான். கொசுவலையைத் தூக்கினான்.

பத்து மாதக் குழந்தை ஃபிளோரா மல்லாந்து தூங்கினாள். கன்னத்தில் ஒரு வட்டம். உதடு பதித்த அளவு. மஞ்சளாய், காய்ந்து, ஓரம் சுருங்கி. கழுத்தில் ஒன்று. வயிற்றில் ஏழெட்டு. அவன் பார்க்கப் பார்க்க உள்ளங்காலில் இன்னொன்று நிறம் மாறத் தொடங்கியது.

தூக்கத்திலேயே, கூச்சம் தாளாமல், ஃபிளோரா சிரித்தாள்.